களஞ்சியம் எங்கே, லொறி எந்த வழியால்? – ஒன்றையொன்று இழுக்கும் இலக்குகளைச் சமன் செய்யும் கணக்கு

திருகோணமலை மாவட்ட வரைபடத்தை விரித்து, நகரம், கிண்ணியா, மூதூர் ஆகிய மூன்று ஊர்களுக்கும் பொதுவான நடுப்புள்ளி எது என்று பாருங்கள். மூன்றின் அகலக்கோட்டுக்கும் நெடுங்கோட்டுக்கும் சராசரி எடுத்தால் புள்ளி கொட்டியாரக் குடாவின் தண்ணீருக்குள் போய் விழும். நகரத்துக்கும் மூதூருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர்தான். ஆனால் சரக்கு ஏற்றிய லொறி சீனன்குடாவைச் சுற்றி, கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, கங்கைப் பாலத்தையும் தாண்டித்தான் மூதூருக்குப் போக வேண்டும். அது நேர்கோட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ஊர் ஊராகச் சரக்கு அனுப்புகிற எவருக்கும் வருகிற கேள்விகள் இரண்டு. களஞ்சியத்தை எந்த ஊரில் வைப்பது? அங்கிருந்து எந்த லொறி எந்த ஊர்களுக்கு, எந்த ஒழுங்கில் போவது? இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போதே சிக்கல் பெரிதாகிறது. அதற்கு மேல் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: நல்ல விடை என்று எதைச் சொல்வது? செலவு குறைந்ததையா, தூரத்து ஊருக்கு விரைவில் போய்ச் சேருவதையா, சாரதிகளை நியாயமாக நடத்துவதையா, மழைக்காலத்திலும் நின்றுபிடிப்பதையா? இவை எல்லாம் ஒரே திசையில் இழுப்பதில்லை. பல இலக்கு உகப்பாக்கம் என்று கணிதத்தில் சொல்லப்படுவது இந்த இழுபறியைக் கையாளும் வழிதான். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் அதன் அடிப்படையைப் பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் வழி மட்டும்

களஞ்சியம் ஏற்கெனவே ஓரிடத்தில் இருக்கிறது என்று வைத்து, லொறிகளுக்கு வழி போடுவதை மட்டும் முதலில் பார்ப்போம். இதைக் கணிதச் சிக்கலாக முதன்முதலில் எழுதிக் காட்டியவர்கள் ஜோர்ஜ் டான்ட்ஸிக், ஜோன் ராம்ஸர் என்ற இருவர். 1959இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை எடுத்துக்கொண்ட உதாரணம், பெரிய எண்ணெய்க் களஞ்சியம் ஒன்றிலிருந்து பல நிரப்பு நிலையங்களுக்குப் பெற்றோல் கொண்டுபோகும் பவுசர்கள். சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைக் கற்பனை செய்வது கடினமல்ல.

இதில் என்ன கடினம் என்று கேட்கலாம். ஒரே லொறி 10 இடங்களுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்றால், ஒரே சுற்றை இருபுறமாகவும் எண்ணாமல் விட்டாலும் 1,814,400 விதமான ஒழுங்குகள் உண்டு. 15 இடங்கள் என்றால் அது 65,000 கோடியைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துச் சிறந்ததை எடுக்கும் வழி சின்ன ஊர்க்கணக்குக்கே எடுபடாது.

ஆகவே குறுக்கு வழிகள் பிறந்தன. மிகப் பழையதும் இன்றுவரை பயன்படுவதுமான ஒன்றை 1964இல் கிளார்க், ரைட் என்ற இருவர் வெளியிட்டார்கள். இரண்டு ஊர்களைத் தனித்தனிப் பயணமாகப் போவதற்குப் பதில் ஒரே பயணத்தில் சேர்த்தால் எவ்வளவு மிச்சம் என்று பார், மிச்சம் கூடிய சோடியை முதலில் சேர், அவ்வளவுதான். நகரத்திலிருந்து மூதூர் 35 கிலோமீற்றர், ஈச்சிலம்பற்று 60, அவை இரண்டுக்கும் இடையே 25 என்று வைப்போம். தனித்தனியாகப் போய் வந்தால் 70 உடன் 120, மொத்தம் 190. ஒரே பயணமாகப் போனால் 35, 25, 60 சேர்ந்து 120. மிச்சம் 70. இதையே குச்சவெளிக்கும் கிண்ணியாவுக்கும் செய்து பாருங்கள். ஒன்று வடக்கே, மற்றது தெற்கே. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக நகரத்துக்குள்ளால் திரும்பத்தான் வேண்டும், மிச்சம் பூச்சியம். அனுபவமுள்ள சாரதிக்கு இது சொல்லிக்கொடுக்காமலே தெரியும். கணினிக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓர் உதாரணம்

மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் விநியோகிக்கிற ஒருவரைக் கற்பனை செய்வோம். எட்டு ஊர்களில் அவருடைய கடைகள்: நகரம், நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று, கந்தளாய். கணக்கு எளிதாக இருக்கத் தூரங்களை முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். நகரத்திலிருந்து வடக்கே ஒரே கரையோர வீதியில் நிலாவெளி 15, குச்சவெளி 35, புல்மோட்டை 55. தெற்கே கிண்ணியா 20, மூதூர் 35, ஈச்சிலம்பற்று 60. கண்டி, கொழும்புப் பக்கம் போகிற ஏ-6 வீதியில் கந்தளாய் 40. கிண்ணியாவிலிருந்து தம்பலகாமம் வழியாகக் கந்தளாய்க்கு 30. இவற்றுக்கு மேலாக, கந்தளாயிலிருந்து அல்லை வழியாகச் சேருநுவர போகும் பாதை 45. சேருநுவரவிலிருந்து ஈச்சிலம்பற்று 10, மூதூர் 15.

அவரிடம் மூன்று லொறிகள். கந்தளாய்ப் பக்கம் கால்நடைப் பண்ணைகள் கூட, ஆகவே அங்கே ஒரு லொறி முழுதாகப் போக வேண்டும். மற்ற இரண்டில் ஒன்று வடக்குக்கு, ஒன்று தெற்குக்கு. நகரத்துக் கடைகளுக்குத் தீவனம் கொஞ்சம்தான் வேண்டும் என்பதால் எந்த லொறியிலும் அதற்கு இடம் இருக்கும்.

களஞ்சியம் நகரத்தில் என்றால் வடக்குப் பயணம் போய்வர 110, தெற்கு 120, கந்தளாய் 80. ஒரு நாளைக்கு மொத்தம் 310 கிலோமீற்றர்.

களஞ்சியம் கிண்ணியாவில் என்றால் வடக்கு லொறி நகரத்துக்கூடாகப் புல்மோட்டை போய்வர 150, தெற்கு லொறி ஈச்சிலம்பற்று போய்வர 80, கந்தளாய் போய்வர 60. மொத்தம் 290.

கிண்ணியாவே குறைவு. இனி இதையே வேறு விதமாகக் கணக்கிடுவோம். லொறியின் சுற்றை மறந்துவிட்டு, ஒவ்வொரு ஊருக்கும் களஞ்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் கூட்டுங்கள். நகரத்திலிருந்து 0, 15, 35, 55, 20, 35, 60, 40: மொத்தம் 260. கிண்ணியாவிலிருந்து அதே ஒழுங்கில் 20, 35, 55, 75, 0, 15, 40, 30: மொத்தம் 270. இந்தக் கணக்கில் நகரமே வெல்கிறது!

ஊர்களும் அவையே, தூரங்களும் அவையே. விடைதான் தலைகீழாகிவிட்டது. இடம் பார்க்கும்போது வழியை மறந்தவர்களுக்கு நேர்கிற விபத்து இது. பலர் முதலில் தூரங்களைக் கூட்டிக் களஞ்சியத்துக்கு இடம் பிடிக்கிறார்கள். குத்தகை எழுதி, முற்பணமும் கொடுத்த பிறகு லொறிகளுக்கு வழி போட உட்காருகிறார்கள். அப்படிச் செய்வதால் செலவு கூடலாம் என்பதை 1989இல் சலீ, ராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையாகவே எழுதிக் காட்டினார்கள். இடத்தையும் வழியையும் ஒரே கணக்கில் சேர்த்துத் தீர்க்க வேண்டும் என்ற துறைக்கு அது ஒரு முக்கியமான படி. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இந்த 260–270, 310–290 கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

நான்கு திட்டங்கள்

இப்போது பணத்தைக் கொண்டுவருவோம். டீசல், தேய்மானம், சாரதி சம்பளம் எல்லாம் சேர்த்துக் கிலோமீற்றருக்கு 100 ரூபா, மாதத்தில் 25 நாள் ஓட்டம் என்று கொள்வோம். வாடகைகளும் கணக்குக்காக நான் வைத்த எண்களே. உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம்.

நகரத் திட்டம்: ஓட்டச் செலவு 775,000, வாடகை 100,000, மொத்தம் 875,000 ரூபா. மிகத் தூரத்து ஊர் ஈச்சிலம்பற்று, 60 கிலோமீற்றர்.

கிண்ணியாத் திட்டம்: ஓட்டம் 725,000, வாடகை 50,000, மொத்தம் 775,000. மிகத் தூரத்து ஊர் புல்மோட்டை, 75 கிலோமீற்றர்.

கந்தளாய்த் திட்டம்: வடக்கு லொறி போய்வர 190. தெற்கு லொறி அல்லைப் பாதையால் இறங்கி ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா என்று ஒரு வட்டம் அடித்து வர 125. மொத்தம் 315 கிலோமீற்றர், அதற்கு 787,500. வாடகை 40,000 சேர்த்தால் 827,500. புல்மோட்டை 95 கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது.

இரட்டைத் திட்டம்: நகரத்தில் ஒரு சிறு களஞ்சியம், மூதூரில் இன்னொன்று. நகரத்திலிருந்து வடக்குக்கும் கந்தளாய்க்கும், மூதூரிலிருந்து கிண்ணியாவுக்கும் ஈச்சிலம்பற்றுக்கும். மொத்தம் 270 கிலோமீற்றர்தான், 675,000 ரூபா. ஆனால் இரண்டு வாடகை, இரண்டாவது களஞ்சியப் பொறுப்பாளரின் சம்பளம், சரக்கை இரண்டாகப் பிரித்து இறக்கும் செலவு எல்லாம் சேர்ந்து 240,000. ஆக 915,000. மிகத் தூரத்து ஊர் புல்மோட்டை, 55.

இலக்குகள் இரண்டு: செலவும் குறைய வேண்டும், மிகத் தூரத்து ஊருக்கான தூரமும் குறைய வேண்டும். இப்படிப் பார்த்தால் கந்தளாய்த் திட்டம் உடனே விழுந்துவிடுகிறது. கிண்ணியாத் திட்டம் அதைவிட மலிவு, தூரத்திலும் அதைவிடக் குறைவு. இரண்டு இலக்கிலும் ஒரே திட்டத்திடம் தோற்ற ஒன்றை வைத்திருக்க எந்த நியாயமும் இல்லை. மிச்சம் மூன்றும் அப்படியல்ல. கிண்ணியா மலிவு, ஆனால் புல்மோட்டைக்குத் தூரம். இரட்டை எல்லாருக்கும் கிட்ட, ஆனால் விலை கூட. நகரம் இரண்டுக்கும் இடையே. ஒன்றில் முன்னேற வேண்டுமானால் மற்றதில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிலையில் நிற்கும் இத்தகைய திட்டங்களின் கூட்டத்துக்கு, இத்தாலியப் பொருளியலாளர் வில்பிரடோ பரேட்டோவின் (1848–1923) பெயரால் பரேட்டோ எல்லை என்று பெயர்.

கணிதம் தன்னந்தனியாகச் செய்யக்கூடிய வேலை இந்த எல்லையோடு முடிகிறது. தோற்றவற்றை அது ஈவிரக்கமின்றிக் கழித்துத் தரும். மிச்சமுள்ளவற்றில் எது என்பது புல்மோட்டைக் கடைக்காரருக்கு நாம் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதைக் கணினியிடம் கேட்க முடியாது.

கந்தளாய் பற்றி இன்னொரு சொல். கொழும்பிலிருந்து சரக்கு வருகிற பெரிய லொறி ஏ-6 வீதியில் கந்தளாயைத் தாண்டித்தான் கிண்ணியாவுக்கு வரும். அந்தப் பெரிய லொறிக்கு மாதம் எட்டு நடை, கிலோமீற்றருக்கு 200 ரூபா என்று வைத்தால், கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் இடையே போய்வரும் 60 கிலோமீற்றருக்கு மாதம் 96,000 ரூபா ஆகிறது. அதைத் தீவனத்தை அனுப்புகிற கம்பனி கொடுத்தால் மேலே போட்ட கணக்கு சரி. நம் விநியோகஸ்தரே கொடுத்தால் கிண்ணியா 871,000 ஆகி, கந்தளாய் அதைவிட மலிவாகிவிடும். கழித்துப் போட்ட திட்டம் எழுந்து வந்து எல்லையில் உட்கார்ந்துகொள்ளும். யாருடைய செலவை எண்ணுகிறோம் என்பதை முதலிலேயே பேசித் தீர்க்காவிட்டால் பிறகு போடுகிற கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தும் பயனில்லை.

மூன்றில் ஒன்றைத் தெரிவது

மேலே உள்ள மூன்றுக்கும் திரும்புவோம். கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு மாறினால் 100,000 ரூபா கூடுகிறது, 15 கிலோமீற்றர் குறைகிறது. கிலோமீற்றர் ஒன்றைக் குறைக்க நாம் கொடுக்கும் விலை சுமார் 6,667 ரூபா. நகரத்திலிருந்து இரட்டைக்கு மாறினால் 40,000 கூடி 5 கிலோமீற்றர் குறைகிறது. கிலோமீற்றருக்கு 8,000.

ஆக, தூரத்து ஊரை ஒரு கிலோமீற்றர் கிட்டக் கொண்டுவருவது எனக்கு மாதம் 5,000 ரூபா பெறும் என்கிறவர் கிண்ணியாவைத் தெரிய வேண்டும். 7,000 என்கிறவருக்கு நகரம். 10,000 என்கிறவருக்கு இரட்டை. ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு நிறை, அதாவது அது நமக்கு எவ்வளவு முக்கியம் என்று காட்டும் ஓர் எண், கொடுத்துக் கூட்டும் முறை இதுதான். எளிது, எல்லாரும் இதைத்தான் முதலில் கையிலெடுப்பார்கள். ஆனால் நகரம் வெல்லும் இடைவெளி எவ்வளவு ஒடுங்கியது என்று கவனியுங்கள், 6,667க்கும் 8,000க்கும் நடுவே மட்டும். நிறையைக் கொஞ்சம் அசைத்தால் விடை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தாவுகிறது. நிறையைப் பத்துப் பேர் கூடி இரண்டு நிமிடத்தில் முடிவு செய்யும் கூட்டங்கள் எனக்குக் கவலை தருவது இதனால்தான்.

இந்த முறைக்கு இன்னொரு குறையும் உண்டு, அது இன்னும் ஆழமானது. மூதூர் வாடகை 15,000 ரூபா குறைந்துவிட்டது என்று வைப்போம். இரட்டைத் திட்டம் இப்போது 900,000. நகரத் திட்டம் இன்னும் தோற்கவில்லை, 875,000 என்பது 900,000ஐ விட மலிவுதானே. ஆனால் கிண்ணியாவிலிருந்து இரட்டைக்கு நேரே மாறினால் 125,000 ரூபாவுக்கு 20 கிலோமீற்றர் குறைகிறது, ஒன்றுக்கு 6,250. அதற்குக் கீழே மதிப்பவர் கிண்ணியாவிலேயே நிற்பார், மேலே மதிப்பவர் நேரே இரட்டைக்குப் போவார். நகரத்தைத் தெரிந்தெடுக்கிற நிறை எதுவுமே இல்லை. எத்தனை நிறைகளைப் போட்டுப் பார்த்தாலும் அது கண்ணில் படாது. நல்ல திட்டமொன்று எல்லையில் இருந்துகொண்டே முறையின் குருட்டுப் பக்கத்தில் ஒளிந்துகொள்கிறது.

அதற்கு மாற்று, ஓர் இலக்கை வரம்பாக வைத்து மற்றதைக் குறைப்பது. ‘மாதம் 890,000 ரூபாவுக்கு மேல் செலவழிக்க முடியாது, அதற்குள் தூரத்து ஊருக்கு எவ்வளவு கிட்டப் போகலாம்?’ என்று கேளுங்கள். ஒளிந்திருந்த நகரத் திட்டம் விடையாக வரும். வரம்பைப் படிப்படியாக மாற்றிக்கொண்டு போனால் எல்லையில் உள்ள எல்லாத் திட்டங்களும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். தொழில் செய்கிறவர்களுக்கும் இந்த முறைதான் இயல்பாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். கையில் உள்ள காசு எவ்வளவு என்று எவருக்கும் தெரியும். ஒரு கிலோமீற்றரின் மதிப்பு என்ன என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று சொல்ல வராது.

இலக்குகளுக்கு முதலாவது, இரண்டாவது என்று வரிசை கொடுக்கும் முறையும் உண்டு. இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டியவை. அவற்றைக் கொண்டுபோகும் வண்டிக்குக் குளிர் கெடாமல் போய்ச் சேருவதே முதலாவது, டீசல் இரண்டாவது. அதில் பேரம் இல்லை. தீவன மூட்டைக்கு இப்படிக் கடுமையான வரிசை வேண்டியதில்லை.

நூற்றுக்கணக்கான கடைகளும் பத்துப் பன்னிரண்டு இடத்தெரிவுகளும் வரும்போது கையால் எழுத முடியாது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் கல்யாண்மொய் தேப் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கி 2002இல் வெளியிட்ட என்.எஸ்.ஜி.ஏ-2 என்ற முறை இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. பல திட்டங்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு, தோற்றவற்றைக் கழித்து, நல்லவற்றைக் கலந்து புதியவற்றை உண்டாக்கி, எல்லையை நோக்கி மெல்ல மெல்ல நகரும். வழி போடுவதற்குக் கூகுளின் ஓ.ஆர்.-டூல்ஸ், வீதி வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், இரண்டும் இலவசம். எட்டு ஊருக்கு எக்ஸெல் தாளே போதும்.

கூட்டுத்தொகைக்குள் காணாமல் போகிறவர்கள்

செலவை மட்டும் குறைக்கச் சொன்னால் கணக்கு எப்போதும் கூட்டம் உள்ள பக்கமே சாயும். ஈச்சிலம்பற்றில் நாலு கடை, கந்தளாயில் நாற்பது என்றால் நாலு பேரின் சிரமம் நாற்பது பேரின் வசதிக்குள் கரைந்துவிடும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, கூட்டல் என்ற செயலின் குணமே அது. எல்லாத் தூரங்களின் கூட்டுத்தொகையைக் குறைக்கும் இடம் ஒன்று, மிகத் தூரத்தவரின் தூரத்தைக் குறைக்கும் இடம் வேறொன்று. இந்த இரண்டையும் வலையமைப்பு ஒன்றின் மேல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று 1964இல் ஹக்கிமி என்ற ஆய்வாளர் எழுதினார். அவர் பார்த்தது தொலைபேசி இணைப்பகங்களை. நம் மாவட்டத்தில் ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வெருகலையும் புல்மோட்டையையும் நினைத்துக்கொண்டு படித்தாலும் அது அப்படியே பொருந்துகிறது. ஓரத்து ஊர்கள் கணக்கில் தோன்ற வேண்டும் என்றால் அவற்றுக்கென்று ஓர் இலக்கைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். அதனால்தான் மேலே மிகத் தூரத்து ஊரின் தூரத்தை இரண்டாவது இலக்காக வைத்தேன்.

சாரதிகளும் இப்படியே மறைந்துபோகிறவர்கள். கிண்ணியாத் திட்டத்தில் ஒருவர் நாளுக்கு 150 கிலோமீற்றர் ஓட, இன்னொருவர் 60 ஓடுகிறார். நகரத் திட்டத்தில் 110, 120, 80. இரட்டையில் 110, 80, 80. மொத்தத் தூரத்தைப் பார்க்கிறவருக்குக் கிண்ணியா நகரத்தை விட 20 கிலோமீற்றர் நல்லது. வடக்கு லொறியின் சாரதிக்கு அது தினமும் 40 கிலோமீற்றர் கெட்டது, வாங்குகிற சம்பளமோ ஒன்றே. முறை மாற்றி ஓடவிட்டால் இதைச் சரிக்கட்டலாம். ஆனால் வடக்குக் கடைகளைப் பழகிய சாரதியை மாற்றினால் கடன் வசூல் முதல் எல்லாமே தடுமாறும். அதற்கும் ஒரு விலை உண்டு.

சில இலக்குகள் பார்வைக்கு இரண்டாக இருந்தாலும் உண்மையில் ஒன்றே. டீசல் ஒரு லீற்றர் எரிந்தால் சுமார் 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். ஓட்டத் தூரம் குறைந்தால் காசும் மிச்சம், புகையும் மிச்சம். ஒரே லொறிகளை வைத்து ஒரே வீதிகளில் ஓடும்வரை இவை சண்டையிடுவதில்லை, தனித்தனி இலக்காக எழுதினால் தாள்தான் நிறையும்.

இன்னும் சிலவற்றை இலக்காக அல்லாமல் கட்டாயமாக எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் கிண்ணியா, மூதூர், புல்மோட்டைக் கடைகள் ஜும்ஆவுக்காகப் பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் லொறி போய் நின்றால் சாரதி வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். இதை நிறை போட்டுச் சமன் செய்ய ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைக்கு என்று வேறு ஒழுங்கு போட்டுவிட வேண்டும்.

பாதுகாப்பையும் நான் இதே வகையில்தான் வைப்பேன். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் மக்களை ஏற்றிச் சென்ற மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். தூர அட்டவணையில் அந்தக் கடவை வெறும் ஒரு சிறிய எண்ணாகத்தான் தெரிந்திருக்கும், சுற்றுவழி பெரிய எண்ணாக. குறுகிய எண்ணை எப்போதும் விரும்பும்படி எழுதப்பட்ட கணக்கு அந்த வழியையே காட்டும். ஆபத்தான கடவைகளை அட்டவணையிலிருந்து முதலிலேயே நீக்கிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். இத்தனை கிலோமீற்றர் மிச்சமாகிறது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

மழைக்கால அட்டவணை

வழியை நாளைக்கே மாற்றலாம். களஞ்சியத்தை மாற்ற ஆண்டுகள் ஆகும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையே தண்ணீரைப் படகால் கடக்க வேண்டியிருந்த காலத்தில், கிண்ணியாத் திட்டத்தை யாரும் எழுதியே இருக்கமாட்டார்கள். அட்டவணை மாறினால் எல்லையும் மாறும். ஆகவே நீண்ட நாள் நிற்கப்போகிற இடத்தை ஒரே ஓர் அட்டவணையை நம்பித் தெரிவது சரியல்ல.

நம் மாவட்டத்தில் அட்டவணை ஆண்டுதோறும் ஒருமுறையாவது மாறுகிறது. வடகீழ்ப் பருவமழையில் மகாவலி பெருகினால் மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்கள் தண்ணீருக்குள் போகும். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையே வீதி அடைபட்டது, அல்லைப் பாதை திறந்திருக்கிறது என்று வைத்து மூன்று திட்டங்களையும் மறுபடி பாருங்கள். நகரத்திலிருந்து மூதூருக்கு இப்போது கந்தளாய், சேருநுவர வழியாக 40, 45, 15, மொத்தம் 100. கிண்ணியாவிலிருந்து 30, 45, 15, மொத்தம் 90. மிகத் தூரத்து ஊர் எது என்ற கேள்விக்கு விடை புல்மோட்டையிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் மூதூருக்கு மாறிவிட்டது. அதோடு, தூரத்தில் நகரத்திடம் தோற்றிருந்த கிண்ணியா இப்போது நகரத்தை வெல்கிறது. செலவிலும் அதுவே மலிவு என்பதால் நகரத் திட்டம் மழைக்காலத்தில் எல்லையிலிருந்தே விழுந்துவிடுகிறது. இரட்டைத் திட்டத்தில் கிண்ணியாக் கடைகளை மட்டும் நகரத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். மூதூர்க் களஞ்சியத்தில் சரக்கு ஏற்கெனவே இருக்கிறது, தூரம் அதே 55.

அல்லைப் பாதையும் சேர்ந்து அடைபட்டால் மூதூரில் களஞ்சியம் இல்லாத எந்தத் திட்டத்துக்கும் ஈச்சிலம்பற்றுப் பக்கம் தூரம் என்று எழுத எண்ணே இல்லை. கிண்ணியாத் திட்டத்தையும் இரட்டைத் திட்டத்தையும் பிரிப்பது மாதம் 140,000 ரூபா. அந்தத் தொகையை விநியோகஸ்தர் ஒருவரே தாங்குவதா, கம்பனியோடு பகிர்வதா, மழைக்காலத்தில் மட்டும் மூதூரில் ஒரு சிறு அறையை வாடகைக்கு எடுத்துத் தீவனத்தை முன்கூட்டியே இறக்கி வைப்பதா என்பது அடுத்த கணக்கு. கடைசியாகச் சொன்னதை ஐந்தாவது திட்டமாக எழுதி, நவம்பர் முதல் ஜனவரி வரையான வாடகையையும் ஏற்றிறக்கும் கூலியையும் சேர்த்து, இதே இரண்டு இலக்குகளால் அளந்து பாருங்கள்.